வெற்றுத் தாளில் இட்ட கையெழுத்து
(இக்னாஸியோ ஸிலோனேயின் 'ஃபோன்டமாரா' புதினம்: ஒரு திறனாய்வு)

கொடுங்கோல் என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதற்கண் எழுவது ஒரு மன்னனின் உருவமே. வள்ளுவர் 'கொடுங்கோன்மை' என ஓர் அதிகாரம் வகுத்ததும் அரசனை நோக்கியே. இளங்கோவடிகள் காட்டும் பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான். தன் தவறு தெளிந்த அக்கணமே அரியணையில் உயிர் நீத்தான். பிழை செய்தவனும் அவன். அதற்குத் தண்டனை விதித்துக்கொண்டவனும் அவன். மதுரை மக்கள் அப்பிழையில் பங்காளிகள் ஆகார்.

இருபதாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் தோன்றிய பாசிசம் என்னும் கொடுங்கோன்மையோ இவ்வகையைச் சார்ந்ததன்று. அது முசோலினி என்னும் ஒருவன் பெயரால் நடந்தது. ஆயினும் பலர் கை கொடுத்தமையாலேயே எழுந்தது. அரசர் கை கொடுத்தார். நிலக்கிழார் பணம் கொடுத்தனர். பாராளுமன்றம் வாக்குக் கொடுத்தது. கற்றோர் கையெழுத்துக் கொடுத்தனர். ஒன்றும் அறியாத ஏழை உழவனிடமிருந்தும் ஒரு கையெழுத்து வாங்கப்பட்டது. அந்தக் கடைசிக் கையெழுத்தின் கதையே 'ஃபோன்டமாரா'.

பாசிசம் எவ்வாறு ஏறிற்று, எவ்வாறு வீழ்ந்தது என்பதை விளக்க வரலாற்று நூல்கள் பல உள. அவை காட்டாத ஒன்றை இச்சிறு புதினம் காட்டுகின்றது. அதே வேளையில், வரலாறு காட்டும் வேறொன்றை இப்புதினம் காட்டத் தவறுகின்றது. இவ்விரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பதே ஈண்டு நோக்கம்.

ஆசிரியரும் நூலும்

ஸிலோனே என்பது புனைபெயர். இயற்பெயர் ஸெகொந்தினோ திராங்குவில்லி. இவர் 1900 ஆம் ஆண்டில் அப்ருட்சி மலைநாட்டிலுள்ள பெஸ்கினா என்னும் சிற்றூரில் பிறந்தார். 1915 இல் அப்பகுதியை அழித்த நிலநடுக்கத்தில் தாயை இழந்தார். 1921 இல் இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சி தோன்றியபோது அதில் சேர்ந்தார். பின்னர் அதனோடு முரண்பட்டு 1931 இல் வெளியேற்றப்பட்டார். இவருடைய தம்பி ரோமோலோ 1928 இல் கைது செய்யப்பட்டு, 1932 இல் சிறையிலேயே மாண்டார்.

நோயாளியாகவும் நாடு கடந்தவராகவும் ஸ்விட்சர்லாந்தில் இருந்தபோது ஸிலோனே எழுதிய முதற் புதினம் இது. 1933 இல் ஜூரிக் நகரில் ஜெர்மன் மொழிபெயர்ப்பாக இது முதலில் வெளிவந்து, விரைவில் பல மொழிகளில் பரவிற்று. எந்த மக்களின் கதையோ அந்த மக்கள் தம் நாட்டில் இதைப் படிக்க, பாசிச ஆட்சி விழும்வரை காத்திருக்க நேர்ந்தது.

'ஃபோன்டமாரா' என்பதற்குக் கசப்பூற்று என்று பொருள். ஊர் கற்பனை, அதைச் சூழ்ந்த நிலம் உண்மை. அப்ருட்சியில் ஃபூஸினோ என்றொரு பெரிய ஏரி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொர்லோனியா என்னும் பெருஞ்செல்வர் அதன் நீரை வடித்தார். வெளிப்பட்ட வளமான நிலம் அக்குடும்பத்தின் உடைமையாயிற்று. சுற்றியுள்ள மலையூர்களில் வாழ்ந்த உழவர் அந்நிலத்தில் கூலிகளாயினர். கதையில் ஊரார் உலகத்தைப் படிப்படியாக வரிசைப்படுத்துகின்றனர். கடவுளுக்கு அடுத்த படியில் இருப்பவர் அந்தப் பிரபு. அவருடைய காவலருக்கும் அக்காவலரின் நாய்களுக்கும் வெகு கீழே, கடைசிப் படியில் இருப்பவர் உழவர்.

வாசகர் இங்கு ஓர் உண்மையை நினைவிற் கொள்ளுதல் நன்று. முசோலினி 1925 முதல் 1943 வரை ரோமாபுரியில் குடியிருந்த மாளிகை வில்லா தொர்லோனியா. அதே குடும்பத்தின் சொத்து. ஆண்டு வாடகை 1 லீரா. நிலக்கிழாருக்கும் சர்வாதிகாரிக்கும் இருந்த உறவை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை.

கதையில் மூன்று கையெழுத்துகள்

கதை ஒரு மாலைப்பொழுதில் தொடங்குகின்றது. கட்டணம் செலுத்தாததால் ஊருக்கு மின்விளக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த இருட்டில் பெலினோ என்னும் அதிகாரி வருகின்றார். அவர் கையில் இருப்பவை வெறுந்தாள்கள். ஊரார் அஞ்சுவது ஒன்றே: புதிய வரியோ? வரி ஏதும் இல்லை, செலவு ஏதும் இல்லை என்கின்றார் அவர். செலவில்லை என்றதும் ஊரார் பெயர்களைத் தருகின்றனர். தாளின் மேற்பகுதியில் என்ன எழுதப்படும் என்று எவரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஊர் நிலங்களுக்குப் பாயும் ஓடையைத் திசைதிருப்பக் கூலியாட்கள் மண்வெட்டியுடன் வந்து நிற்கின்றனர். நீரைப் பெறுபவன் ஒரு பணக்கார ஒப்பந்தக்காரன். ஊராரே மனமுவந்து நீரைக் கொடுத்துவிட்டதாகத் தாள் பேசுகின்றது.

ஊர்ப் பெண்கள் நீதி கேட்டு நகருக்கு நடக்கின்றனர். நகராண்மைத் தலைவரைக் காண வேண்டும் என்கின்றனர். அப்பதவியே இப்போது இல்லை. 'பொதெஸ்தா' என்றொருவர் இருக்கின்றார் என்கின்றனர் அங்குள்ளோர். அந்தப் பொதெஸ்தா வேறு யாருமல்லன், ஓடையைக் கவர்ந்த அதே ஒப்பந்தக்காரன்! இது கற்பனை மிகையன்று. 1926 இல் இத்தாலியில் ஊர்த் தேர்தல்கள் ஒழிக்கப்பட்டு, மக்கள் தேர்ந்த தலைவர்களின் இடத்தில் அரசு நியமித்த பொதெஸ்தாக்கள் அமர்த்தப்பட்டனர்.

அப்போது ஏழைகளின் நண்பன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் வழக்கறிஞர் தொன் சிர்கொஸ்தான்ஸா இடையே புகுகின்றார். அவர் செய்யும் பங்கீடு நூலிலேயே புகழ் பெற்ற பகுதி. நீரில் முக்கால் பங்கு பொதெஸ்தாவுக்கு. எஞ்சியதில் முக்கால் பங்கு ஊராருக்கு. ஆகவே இரு சாராருக்கும் முக்கால். இருவரும் சமம் என்கின்றார்! எஞ்சிய காலில் முக்கால் என்பது பதினாறில் மூன்று பங்கே என்பதை நான்காம் வகுப்பு மாணவனும் கணக்கிட்டுச் சொல்வான். ஆயின் அங்கே கணக்கிட ஒருவரும் இல்லை. இரண்டாவது கையெழுத்தும் விழுகின்றது.

பின்னர், நீர் பிரிக்கப்பட்டு ஓடை வற்றுவதைக் கண்ணால் கண்டு ஊரார் கதறுகின்றனர். இது நிலையான இழப்பன்று, ஐம்பது ஆண்டுகளுக்கு மட்டுமே என்கின்றனர் பெரியோர். கூச்சல் மிகுகின்றது. மறுபடியும் வழக்கறிஞர் எழுந்து ஊராருக்காகப் பரிந்து பேசி, ஐம்பது ஆண்டு என்பதை மாற்றிப் 'பத்து லுஸ்த்ரோ' என்று முடிவு செய்கின்றார். லுஸ்த்ரோ என்பது பழைய ரோமானியர் வழக்கிலிருந்த சொல். ஐந்து ஆண்டைக் குறிப்பது. பத்து லுஸ்த்ரோ என்றால் அதே ஐம்பது ஆண்டு! அச்சொல்லின் பொருள் தெரியாத ஊரார் ஏதோ குறைந்துவிட்டதென்று அமைதியுறுகின்றனர்.

சிரிப்பும் கண்ணீரும் ஒருங்கே வரவழைக்கும் இம்மூன்று காட்சிகளே நூலின் உயிர்நாடி. பாசிசம் ஓர் ஊருக்குள் நுழையும்போது வாளோடு நுழையவில்லை, தாளோடு நுழைந்தது. வாள் பின்னால் வந்தது. ஆண்கள் வயலில் இருக்கும் வேளை பார்த்துக் கறுப்புச் சட்டைக் குண்டர்கள் வண்டிகளில் வந்து பெண்களைச் சூறையாடுகின்றனர். வயலிலிருந்து திரும்பும் ஆண்களை ஒவ்வொருவராக நிறுத்தி, "வாழ்க யார்?" என்று கேட்கின்றனர். எந்த விடை சரியானது என்று எவருக்கும் தெரியாது. ஒருவன் ஒரு புனிதரை வாழ்த்துகின்றான்; ஒருவன் எல்லாரையும் வாழ்த்துகின்றான்; மற்றொருவன் திருடர் ஒழிக என்கின்றான். எது சொன்னாலும் குற்றமே. ஒவ்வொருவன் பெயருக்கும் எதிரே ஒரு கெட்ட பட்டம் எழுதப்படுகின்றது. அக்குண்டர்களும் ஏழைகளே, நிலமற்றவர்களே என்பதை ஆசிரியர் சொல்லாமல் விடவில்லை. தனித்து நின்றால் கோழைகள், கூடி வந்தால் கொடியவர்கள் என அவர் வரைந்த சித்திரம் நெஞ்சை விட்டு அகலாது.

வரலாற்றில் ஒரு கையெழுத்து

ஊர்க்கதை இங்ஙனமிருக்க, தலைநகரில் நடந்தது என்ன? 1921 தேர்தலில் முசோலினியின் கட்சியார் வென்ற இடங்கள் 35. மொத்த இடங்கள் 535. அந்த 35 இடமும் முதிய தலைவர் ஜியோலித்தி அவர்களைத் தம் கூட்டணிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டமையால் எளிதாயின. முரடர்களைப் பதவியில் பழக்கினால் சாதுவாவர் என்பது அவர் எண்ணம். வடக்கே போ ஆற்றுச் சமவெளியில் பெருநிலக்கிழார், உழவர் சங்கங்களை உடைக்கக் கறுப்புச் சட்டையினருக்குப் பொருள் வழங்கிவந்தனர்.

1922 அக்டோபர் 28 ஆம் நாள் அப்படையினர் ரோமாபுரியை நோக்கி நடந்தனர். மழையில் நனைந்த, போதிய ஆயுதமில்லாத கூட்டம் அது. தடுத்து நிறுத்தும் வலிமை அரசின் படைக்கு இருந்தது. பிரதமர் ஃபாக்தா நெருக்கடி நிலை ஆணையை எழுதி அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலிடம் நீட்டினார். அரசர் கையெழுத்திட மறுத்தார். முசோலினியோ படையோடு நடக்கவில்லை. மிலான் நகரில் இருந்தான். அரசரின் அழைப்புக் கிடைத்தபின் இரவு ரயிலேறி அக்டோபர் 30 இல் தலைநகர் வந்திறங்கினான், பிரதமரானான்.

அடுத்த மாதம் பாராளுமன்றம் அவனுக்கு நம்பிக்கை தெரிவித்தது: ஆதரவு 306, எதிர்ப்பு 116. தன் கட்சியார் 35 பேர்தாம். மற்ற வாக்குகள் எங்கிருந்து வந்தன? தம்மைச் சனநாயகர் என்று கூறிக்கொண்டோர் அளித்தவை அவை. 1923 இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. கால் பங்கு வாக்குக்குக் குறையாமல் பெற்று முதலிடம் வரும் பட்டியலுக்கு மூன்றில் இரு பங்கு இடங்கள் என்பது புதிய விதி. தொன் சிர்கொஸ்தான்ஸாவின் முக்கால் கணக்குக்கும் இதற்கும் எத்துணை ஒற்றுமை! 1924 தேர்தலில் நடந்த வன்முறையை மே 30 ஆம் நாள் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தார் சோஷலிஸ்டுத் தலைவர் மத்தேயொத்தி. பதினொரு நாள் கழித்து, ஜூன் 10 இல், அவர் கடத்திக் கொல்லப்பட்டார். 1926 இல் எதிர்க்கட்சிகள் அனைத்தும் தடைசெய்யப்பட்டன.

இங்கே ஒரு செய்தி தனியே குறிக்கத்தக்கது. 1931 இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒவ்வொருவரும் பாசிச ஆட்சிக்கு விசுவாசமாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஏறத்தாழ 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் பேரளவே. ஏனையோர் பணிந்தனர். இவர்களுக்கு லுஸ்த்ரோ என்ற சொல்லின் பொருள் தெரியும். எஞ்சியதில் முக்கால் எவ்வளவு என்பதும் தெரியும்.

நூலின் குறைகள்

சிறந்த நூலாயினும் குறையற்றதன்று. முதற்குறை, உழவரை ஆசிரியர் அளவுக்கு மீறிப் பேதைகளாகக் காட்டியது. நீர் பாய்ச்சி வாழும் உழவன் எழுத்தறியாதவனாக இருக்கலாம். நீர்க்கணக்கு அறியாதவனாக இருப்பானா? வாய்க்கால் நீரை முறை வைத்துப் பங்கிடும் எந்நாட்டு உழவனும் அரை விரற்கடை ஏற்ற இறக்கத்தையும் அறிவான். வழக்கறிஞரின் முக்கால் கணக்கை அவர்கள் ஒருமுறை நம்பலாம்; ஏமாற்றத்துக்கு மேல் ஏமாற்றமாக அடுக்கும்போது நகைச்சுவை வெல்கின்றது, நம்பகம் தோற்கின்றது. சீமான்கள் எல்லாரும் கயவர், உழவர் எல்லாரும் அப்பாவிகள் என்ற பகுப்பும் அங்ஙனமே.

எனினும் இக்குறைக்கு ஆசிரியர் சார்பில் ஒரு விடை உண்டு. ஊரார் நீரில் ஏமாறவில்லை, சொல்லில் ஏமாறினர். ஓடை வற்றியதும் அவர்களே முதலில் கூவினர். தமக்குப் புரியாத மொழியில் தம் வாழ்வு எழுதப்படும்போது எந்த அறிவாளியும் பேதையாகின்றான்.

இரண்டாவது குறை, கதைத்தலைவன் பெரார்தோ வியோலாவின் முடிவு. நிலமிழந்த இவ்வலியன் வேலை தேடி ரோமாபுரி சென்று, அங்கும் ஏமாற்றப்பட்டுச் சிறைப்படுகின்றான். ஆட்சிக்கெதிரான துண்டுத்தாள்களைப் பரப்பும் மறைவான ஒரு மனிதனைப் போலீசார் தேடிவருகின்றனர். தன் காதலி இறந்தாள் என்றறிந்த பெரார்தோ, 'அவன் நானே' என்று பொய்யாக ஒப்புக்கொண்டு, உண்மையானவனை விடுவித்து, வதைபட்டு மாள்கின்றான். உயர்ந்த தியாகம், ஐயமில்லை. ஆயின் அதுவரை ஓர் ஊரின் கதையாக இருந்தது திடீரென்று ஒரு வீரனின் கதையாகிவிடுகின்றது. அதன்பின் ஊரார் கூடித் தமக்கென ஒரு செய்தித்தாள் எழுதும் காட்சியாலேயே நூல் தன் வழிக்கு மீள்கின்றது. அத்தாளுக்கு அவர்கள் இட்ட பெயர் 'என்ன செய்வது?'. பிறர் தாளில் கையெழுத்திட்டவர்கள் இப்போது தாமே எழுதுகின்றனர். அதற்கு விலையாக ஊரே அழிக்கப்படுகின்றது. உயிர் தப்பிய மூவர், முதியவரும் மனைவியும் மகனும், கதையை ஆசிரியரிடம் சொல்லி முடித்து அதே வினாவைக் கேட்கின்றனர்.

மூன்றாவது குறையே பெரிது. எழுச்சியைக் காட்டிய நூல் வீழ்ச்சியைக் காட்டவில்லை. 1930 ஐ ஒட்டி எழுதப்பட்ட நூலுக்கு அது இயலாதுதான். ஆகவே அந்த இறுதி அத்தியாயத்தை வரலாற்றிலிருந்தே சேர்த்துப் படித்தல் வேண்டும்.

எழுதப்படாத அத்தியாயம்

1940 ஜூன் 10 இல் முசோலினி நாட்டைப் போரில் இறக்கினான். தோல்விக்கு மேல் தோல்வி. 1943 மார்ச்சில் தூரின் நகர ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். ஜூலை 10 இல் நேசப்படைகள் ஸிஸிலித் தீவில் இறங்கின. 19 இல் ரோமாபுரியின்மேல் குண்டுகள் வீழ்ந்தன. 24 இரவு பாசிசப் பேரவை கூடிற்று. விடியுமுன் முசோலினிக்கு எதிரான தீர்மானத்தை 19 உறுப்பினர் ஆதரித்தனர். 25 மாலை அரசர் அவனைப் பதவி நீக்கினார். அரச மாளிகை வாயிலிலேயே அவன் கைதானான்.

ஏற்றிய கைகளே இறக்கின. உள்ளிருந்து விழுந்தமையால் வீழ்ச்சி ஒரே நாளில் முடிந்தது போலத் தோன்றிற்று. ஆயின் மக்களுக்கு அது முடியவில்லை. செப்டம்பர் 9 இல் அரசர், படைகளுக்குத் தெளிவான கட்டளையுமின்றித் தலைநகரை விட்டு ஓடினார். 12 இல் ஜெர்மானியர் முசோலினியை மீட்டனர்; அது நடந்தது ஸிலோனேயின் அப்ருட்சி மலைமேலேயே. வடக்கே ஒரு பொம்மை ஆட்சி, ஜெர்மானியப் படையின் கொடுமை, மறைந்து போரிட்ட விடுதலைப் படையினர் எனக் கிட்டத்தட்ட இருபது மாதம் இரத்தம் பெருகிற்று. 1945 ஏப்ரல் 28 இல் முசோலினி சுட்டுக் கொல்லப்பட்டான்.

பாண்டியன் தவறுணர்ந்து ஒரு கணமும் தரிக்கவில்லை. இத்தாலிய அரசரோ 1922 இல் பேனாவை எடுக்க மறுத்தபின் இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் முடி தரித்திருந்தார். 1946 ஜூன் 2 இல் மக்களே தீர்ப்புரைத்தனர். ஏறத்தாழ 1 கோடியே 27 இலட்சம் பேர் குடியரசுக்கும், 1 கோடியே 7 இலட்சம் பேர் முடியாட்சிக்கும் வாக்களித்தனர். நாட்டின் தேர்தலில் பெண்கள் வாக்களித்தது அவ்வாண்டிலேதான். தொன் சிர்கொஸ்தான்ஸா பழைய தேர்தல்களில் இறந்தோர் பெயரிலும் வாக்குச் சேர்த்தார் என்பது புதினத்தில் ஒரு கசப்பான வேடிக்கை. நீர் கேட்டு நடந்த பெண்களைப் போன்றோர் 1946 இல் உயிரோடு, தம் பெயரில், தம் கையால் தாளைக் குறித்தனர். 1951 இல் ஃபூஸினோ நிலம் தொர்லோனியா குடும்பத்திடமிருந்து எடுக்கப்பட்டு உழவருக்குப் பிரித்தளிக்கப்பட்டது.

ஆசிரியர்மேல் ஒரு வழக்கு

ஸிலோனே 1978 இல் மறைந்தார். 1990களில் இரு வரலாற்றாசிரியர் பழைய போலீஸ் கோப்புகளை வெளியிட்டு, இளமையில் அவர் போலீசாருக்கு இரகசியச் செய்தி அளித்து வந்தார் என்றனர். வேறு அறிஞர் மறுத்தனர். சிறையிலிருந்த தம்பியைக் காக்கச் செய்தார் என்றும் சிலர் கூறினர். வழக்கு இன்னும் ஓயவில்லை. இதனால் நூலின் மதிப்பு குறையுமா? அவர் குற்றமற்றவராயின், ஏழைகளுக்காக எழுதிய நேர்மையாளரின் நூல் இது. குற்றச்சாட்டு மெய்யாயின், ஒரு தாளில் பெயரை இடுவது எத்துணைப் பெரிய செயல் என்பதைத் தன் வாழ்விலேயே அறிந்தவரின் நூல் இது. இரு வழியிலும் நூல் நிற்கின்றது.

முடிவுரை

எழுத்தறிவு இருந்திருந்தால் ஃபோன்டமாரா மக்கள் பிழைத்திருப்பர் என்று நூலைப் படிப்போர் எளிதில் முடிவு கட்டிவிடக்கூடும். அது பாதி உண்மையே. பள்ளிக்கூடம் வேண்டும், தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் வேண்டும், தெரியாத சொல்லுக்குப் பொருள் கேட்கக் கூசாத நாக்கு வேண்டும். இவை யாவும் தேவையே. ஆயின் 1931 இல் பணிந்த பேராசிரியர்களிடம் இவற்றில் எது குறைந்திருந்தது? அவர்கள் படித்துப் பார்த்தே பணிந்தனர். அரசர் முற்றும் அறிந்தே மறுத்தார். 306 உறுப்பினரும் எண்ணிப் பார்த்தே கை தூக்கினர். அறியாமல் இட்ட கையெழுத்து ஓர் ஊரின் ஓடையைத்தான் பறிகொடுத்தது; அறிந்து இட்ட கையெழுத்துகளும் அறிந்தே இடாத ஒரு கையெழுத்தும் நாட்டையே பறிகொடுத்தன.

ஆகவே கல்வி கொடுப்போர் கடமை எழுத்தோடு முடிவதில்லை. கையெழுத்திடக் கற்பிக்கும் பள்ளி, இடக்கூடாத இடத்தில் பேனாவை மூடிவைக்கவும் கற்பித்தல் வேண்டும். அன்று மறுத்த அந்தச் சில பேராசிரியர்கள் பதவி இழந்தனர். ஃபோன்டமாரா மக்கள் கேட்ட 'என்ன செய்வது?' என்னும் வினாவுக்கு அவர்கள் தம் செயலாலேயே ஒரு விடை எழுதிச் சென்றனர்.